ஐ.என்.எஸ். கார் நிக்கோபார்: கப்பலும் அதன் பெயரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியக் கடற்படையின் சிறிய ரோந்துக் கப்பல்களைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிக் கேட்பவர்கள் அதன் நீளத்தையும் எடையையும் கேட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சிறிய கப்பலைப் பற்றிக் கேட்பவர்களோ, பெரும்பாலும் அதன் பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடிக்கிறார்கள். அந்த ஆர்வம் நியாயமானது என்றே எண்ணுகிறேன். ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பெயர் பற்றிய சிக்கலானவை பின்னால் வருகின்றன.

ஐ.என்.எஸ். கார் நிக்கோபார் என்பது எந்த வகைக் கப்பல்?

கரையை ஒட்டிய கடற்பரப்பிலும் தீவுகளைச் சுற்றிலும் ரோந்து செல்வதற்காகக் கட்டப்பட்ட, வேகமான சிறிய போர்க்கப்பல் இது. கொல்கத்தாவில் உள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் இதைக் கட்டியது. 2009 பிப்ரவரி 16 அன்று சென்னையில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 49 மீட்டர், அகலம் 7.5 மீட்டர், எடை சுமார் 325 டன். ஐம்பதுக்கும் குறைவானவர்களே இதில் பணியாற்றுகிறார்கள்.

ஒரே வரைபடத்தின்படி அடுத்தடுத்துக் கட்டப்படும் கப்பல்களுக்கு, அவற்றுள் முதலாவதின் பெயரையே வகுப்புப் பெயராக வைப்பது கடற்படைகளின் வழக்கம். இந்த வரிசையில் 2009 முதல் 2011 வரை பத்துக் கப்பல்கள் சேர்ந்தன; ஆகவே அவை அனைத்தும் ‘கார் நிக்கோபார் வகுப்பு’ என்றே அழைக்கப்படுகின்றன. செய்தியில் இந்தப் பெயரைப் பார்த்தால், சொல்லப்படுவது ஒரு கப்பலா, முழு வரிசையா என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஐ.என்.எஸ். என்று முன்னால் இருந்தால் அது கப்பல் என்றுதானே அர்த்தம்?

எப்போதும் அப்படியில்லை. ‘இந்தியன் நேவல் ஷிப்’ என்பதன் சுருக்கமே ஐ.என்.எஸ். என்றாலும், கரையில் உள்ள கடற்படைத் தளங்களுக்கும் இதே முன்னொட்டு உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் ஒரு வானொலித் தொடர்பு நிலையம், அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளியும் உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்தும் விமானத் தளங்கள். தரையில் இருக்கும் தளத்தையும் ஒரு கப்பலாகவே கருதிப் பெயரிடுவது பழைய கடற்படை மரபு.

இந்தக் குழப்பம் நம் கப்பலுக்கும் நேர்கிறது. கார் நிக்கோபார் தீவில் இந்திய விமானப்படைக்கு ஒரு தளம் உண்டு. அது வேறு, ஐ.என்.எஸ். கார் நிக்கோபார் என்னும் கப்பல் வேறு.

இதை ரோந்துக் கப்பல் என்பதா, தாக்குதல் கப்பல் என்பதா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே!

இரண்டும் பிழையல்ல. கடற்படையின் ஆவணங்களில் இது ‘நீர்த்தாரையால் இயங்கும் அதிவேகத் தாக்குதல் கலம்’ என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அன்றாடம் இது செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் கரையோர ரோந்துக் கப்பல் என்பதே பொருத்தமான பெயர்: ஐயத்துக்குரிய படகுகளை நிறுத்திச் சோதனையிடுதல், கள்ளக் கடத்தலையும் அத்துமீறிய மீன்பிடித்தலையும் தடுத்தல், கடலில் தவிப்பவர்களைத் தேடி மீட்டல் ஆகியவையே இதன் முதன்மைப் பணிகள்.

தாக்குதல் கலம் என்ற பெயரைக் கேட்டதும், எதிரிக் கப்பலை ஏவுகணையால் மூழ்கடிக்கும் கலம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அத்தகைய ஏவுகணை இதில் இல்லை. முன்புறத்தில் 30 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும், கனரக இயந்திரத் துப்பாக்கிகளும், தாழப் பறக்கும் விமானங்களுக்கு எதிராகத் தோளில் வைத்து ஏவும் இக்லா வகை ஏவுகணைகளும் இருக்கின்றன. ஒரு சந்தேகப் படகை நிறுத்தவும், நிற்க மறுத்தால் அடக்கவும் இவை போதும்.

கடலோரக் காவல் படை என்று தனியாக ஒன்று இருக்கும்போது கடற்படைக்கு எதற்கு ரோந்துக் கப்பல்?

கடலோரக் காவல் படை 1977இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1978இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தனிப்படையாக நிலைபெற்றது. அமைதிக் காலத்தில் கடல்சார் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது அதன் பொறுப்பு. ஆனால் போர் மூண்டால் துறைமுக வாயில்களையும், கரைக்கு அப்பால் உள்ள எண்ணெய் மேடைகளையும், தொலைவில் கிடக்கும் தீவுகளையும் காக்க வேண்டியது கடற்படையே. அதற்குப் பெரிய நாசகாரிக் கப்பல்களை அனுப்புவது வீண். பல இடங்களில் ஆழமின்மையால் அவை நெருங்கவும் இயலாது.

மேலும் 2008ஆம் ஆண்டின் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடல்சார் பாதுகாப்பு முழுமைக்குமான ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால் இரு படைகளின் கப்பல்களும் ஒரே கடற்பரப்பில் ஒருங்கிணைந்து இயங்குவதே இப்போதைய நடைமுறை. கீழே வரும் கடற்கொள்ளையர் நிகழ்ச்சியில் அதைக் காணலாம்.

அப்படியானால் மும்பைத் தாக்குதலுக்குப் பதிலடியாகக் கட்டப்பட்ட கப்பல்தானே இது?

இல்லை. தாக்குதல் நடந்தது 2008 நவம்பர் 26இல்; கப்பல் பணியில் சேர்ந்தது 2009 பிப்ரவரி 16இல். இடையில் மூன்று மாதம்கூட நிறையவில்லை. எந்தப் போர்க்கப்பலையும் அவ்வளவு விரைவில் வடிவமைத்துக் கட்டிச் சோதித்துச் சேர்க்க முடியாது. இதன் உடற்பகுதி 2007ஆம் ஆண்டிலேயே நீரில் இறக்கப்பட்டுவிட்டது. திட்டமோ அதற்கும் முந்தையது.

தாக்குதலின் அதிர்ச்சி ஆறாத நாட்களில் சேர்ந்ததால், செய்திகள் இரண்டையும் இணைத்தே எழுதின. அதிலிருந்து இந்த எண்ணம் வேர்விட்டது. கரையோரக் கண்காணிப்பின் தேவை அந்தத் தாக்குதலால் எல்லோருக்கும் புரிந்தது என்று சொன்னால் அது உண்மை. கப்பல் அதனால் பிறந்தது என்று சொன்னால் அது காலக்கணக்குக்கே பொருந்தாது.

புரொப்பெல்லர் இல்லாமல் கப்பல் எப்படி ஓடும்?

நீர்த்தாரையால் ஓடும். மூன்று டீசல் எஞ்சின்கள் மூன்று நீர்த்தாரைக் கருவிகளை இயக்குகின்றன. ஒவ்வொரு கருவியும் கப்பலின் அடிப்பகுதியில் உள்ள திறப்பின் வழியாகக் கடல்நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் தகடுகளால் அதற்கு விசையூட்டி, பின்புறக் குழாய்வாயின் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. நீர் பின்னே பாயப் பாயக் கப்பல் முன்னே உந்தப்படுகிறது. திரும்ப வேண்டுமானால் குழாய்வாயையே இடமோ வலமோ திருப்புகிறார்கள். தாரையின் குறுக்கே ஒரு வளைதகட்டை இறக்கி நீரை முன்னோக்கித் திருப்பிவிட்டால், கப்பல் விரைவாக நின்று பின்னோக்கியும் நகரும்.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, கப்பலின் அடிக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே. பவளப் பாறைகள் சூழ்ந்த ஆழமற்ற நீரில், புரொப்பெல்லரும் சுக்கானும் தட்டி உடைந்துவிடுமோ என்ற அச்சமின்றிச் செல்ல இது வழிசெய்கிறது. இந்தக் கப்பல்களுக்குப் பெயர் தந்த தீவுகளில் பலவும் பவளத் தீவுகளாகவே இருப்பதை எண்ணிப் பார்க்கும்போது, பெயரும் பொறியும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. குறை ஒன்றும் உண்டு: மெதுவாகச் செல்லும்போது நீர்த்தாரை முறை எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை.

முழு வேகத்தில் எத்தனை கிலோமீட்டர் போகும்? எவ்வளவு தூரம் நிற்காமல் போகும்?

உச்ச வேகம் 35 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஆகவே மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 12 அல்லது 13 நாட் வேகத்தில் சிக்கனமாகச் சென்றால் ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் 2,000 கடல் மைல் செல்லலாம். அது ஏறக்குறைய ஒரு வாரப் பயணம்.

இந்தக் கப்பல்கள் உண்மையிலேயே ஏதாவது சண்டையில் ஈடுபட்டிருக்கின்றனவா?

ஈடுபட்டிருக்கின்றன. 2011இன் தொடக்கத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர், தாங்கள் கைப்பற்றிய மீன்பிடிக் கப்பல்களையே தாய்க்கப்பல்களாக வைத்துக்கொண்டு லட்சத்தீவுக் கடல்வரை வந்துவிட்டார்கள். ஜனவரி 28 அன்று அவர்களின் சிறுபடகுகள் ஒரு சரக்குப் பெட்டகக் கப்பலைத் தாக்க முயன்ற செய்தி கிடைத்ததும், இதே வகுப்பைச் சேர்ந்த ஐ.என்.எஸ். கான்கர்சோ அங்கே விரைந்தது. தாய்க்கப்பலாக இருந்தது பிராந்தலே-14 என்னும் தாய்லாந்து மீன்பிடிக் கப்பல். அது சுட, கான்கர்சோ திருப்பிச் சுட்டது. பிராந்தலே தீப்பற்றி மூழ்கியது. கடலோரக் காவல் படையின் சங்கல்ப் கப்பலும் துணைக்கு வந்தது. கொள்ளையர் 15 பேர் பிடிபட்டார்கள். பிணைக் கைதிகளாக இருந்த 20 மீனவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இரவு, இதே வரிசையின் ஐ.என்.எஸ். கல்பேனி, ஐ.என்.எஸ். குக்ரியுடன் சேர்ந்து வேகா-5 என்ற மொசாம்பிக் நாட்டு மீன்பிடிக் கப்பலை மடக்கியது. 61 கொள்ளையர் பிடிபட்டார்கள். 13 மாலுமிகள் மீட்கப்பட்டார்கள். ‘சின்னக் கப்பல்தானே’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு இரவுகளின் கதையைத்தான்.

கார் நிக்கோபார் என்பதில் ‘கார்’ எதற்கு? மோட்டார் காரா, கார்மேகமா?

இரண்டும் இல்லை. அது ஒரு தீவின் பெயரில் இருக்கும் முன்னொட்டு. நிக்கோபார் என்பது ஒரு தீவுக் கூட்டம் முழுவதற்குமான பெயர். அதில் கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் இருப்பதைப் போலவே கார் நிக்கோபாரும் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது முன்னாள் போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பாலும் சமதளமாகக் கிடக்கும் தீவு அது. நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடமும் அதுவே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த இடம்.

‘கார்’ என்றால் கருமை, ஆகவே கருநிறத் தீவு என்று தமிழ்ப் பொருள் சொல்பவர்களை அடிக்கடிச் சந்திக்கிறேன். ஓசை ஒத்திருப்பது மட்டுமே சான்றாகாது. ஒரு பெயரின் வேரைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெயர் பழைய எழுத்தில் எப்படி வருகிறது என்று காட்ட வேண்டும். ‘நிக்கோபார்’ என்ற பகுதிக்கு அப்படிக் காட்ட முடியும். ‘கார்’ என்ற பகுதிக்கு இந்த விளக்கம் அப்படி எதையும் காட்டுவதில்லை. தீவின் சொந்த மக்கள் தங்கள் தீவை ‘பூ’ என்று அழைக்கிறார்கள். மலருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது அவர்கள் மொழிச்சொல்.

நிக்கோபார் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் அந்தப் பெயரின் பழைய வடிவம் இருக்கிறது என்பது உறுதி. முதலாம் ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் கடந்து சென்று வென்ற இடங்களைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோவிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் இலாமுரி தேசத்துக்கும் (சுமத்திராவின் வடமுனைப் பகுதி) கடாரத்துக்கும் (இன்றைய மலேசியாவின் கெடா) இடையில் ‘தேனக்க வார்பொழில் மானக்கவாரமும்’ என்ற அடி வருகிறது. மா நக்கவாரம், அதாவது பெரிய நக்கவாரம். தேன் நிறைந்த நீண்ட சோலைகளை உடையது என்பது அடைமொழி. தேனக்க, மானக்க என்ற எதுகையைக் கவனித்தால், அந்தப் பெயர் புலவருக்கு நன்கு பழகிய சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது; தெளிவாகத் தெரியாத பெயரை இப்படி ஓசைக்குள் பொருத்துவது கடினம். பிற்காலத்தில் மார்க்கோ போலோவின் குறிப்புகளில் இதே பெயர் ‘நெக்குவெரான்’ என்று வருகிறது. நக்கவாரம், நெக்குவெரான், நிக்கோபார் என்று ஒலி தேய்ந்து மாறிய தடத்தை இப்படித் தொடர முடிகிறது.

பொருள் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. நக்கம் என்றால் ஆடையின்மை. ‘நக்கன்’ என்று சிவனைக் குறிப்பதும் இதனால்தான். இதற்கு வேர் ‘நக்ந’ என்னும் வடசொல். ஏழாம் நூற்றாண்டில் இந்த வழியாகக் கடலில் சென்ற சீனத் துறவி யிஜிங், ஆடையற்றவர்களின் நாடு ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஆகவே நக்கவாரம் என்பதும் அந்தப் பொருளில் அமைந்த பெயரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தென்னையைக் குறிக்கும் ‘நாரிகேளம்’ என்ற சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. யிஜிங்கின் குறிப்போடு இசைவதால் முதல் விளக்கமே வலுவானது என்பது என் முடிவு. அப்படியானால் இது அந்த மக்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரன்று, வழிப்போக்கர்கள் கரையைப் பார்த்து வைத்த பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டென்மார்க் நாட்டினரான டேனியர் 1750களில் இத்தீவுகளுக்குத் தம் அரசர் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினார்கள், அது நிலைக்கவில்லை. 1869இல் ஆங்கிலேயர் பொறுப்பேற்றபோது பழைய பெயரே எஞ்சியிருந்தது.

அப்படியானால் இந்தக் கப்பலுக்கு ராஜேந்திர சோழனின் நினைவாகத்தான் பெயர் வைத்தார்களா?

இல்லை. கப்பல் தீவின் பெயரைத் தாங்குகிறது; தீவின் பெயர், மேலே சொன்னபடி, கல்வெட்டோடு உறவுடையது. கப்பலுக்கும் சோழனுக்கும் இடையே இவ்வளவுதான் தொடர்பு. கடற்படை தீவை நினைத்தே பெயரிட்டது என்பதற்கு, அதே வரிசையின் மற்றக் கப்பல்களும் தீவுகளின் பெயர்களையே தாங்குவது போதிய சான்று. சோழர் கடலாண்ட பெருமையைச் சொல்ல நமக்கு எத்தனையோ வழிகள் உண்டு. இல்லாத நோக்கத்தைப் பெயரிட்டவர்கள் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

எல்லாச் சிறு கப்பல்களுக்கும் தீவுப் பெயரே வைக்கிறார்களே, ஏன்?

இந்தியக் கடற்படையில் ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் ஒரு பெயர்க்குடும்பம் உண்டு. நாசகாரிகளுக்கு நகரங்கள்: டெல்லி, கொல்கத்தா, சென்னை. சில போர்க்கப்பல்களுக்கு மலைத்தொடர்கள்: ஷிவாலிக், சாத்பூரா, சஹ்யாத்ரி. வேறு சிலவற்றுக்குக் கைவாள் வகைகள்: குக்ரி, கிர்பான். தரையிறங்கு கப்பலுக்கு மகர், கரியால் என்று முதலை இனங்கள். கரையையும் தீவையும் காக்கும் கப்பலுக்குத் தீவின் பெயர் என்பது இந்த முறையில் இயல்பாகப் பொருந்துகிறது.

ஆனால் இது சிறு ரோந்துக் கப்பல்களோடு தொடங்கிய வழக்கமல்ல. 1960களின் இறுதி முதல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்களுக்கு அர்னாலா, ஆந்த்ரோத், கமோர்த்தா, கில்தான், கட்சால், கவரத்தி என்று தீவுப் பெயர்களே இடப்பட்டன. 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற ஏவுகணைப் படகுகளுக்குத் துணையாகப் போனவை கில்தானும் கட்சாலும்தாம். அந்த நாளையே கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கப்பல்கள் ஓய்வுபெற்ற பிறகும் பெயர்கள் மறையவில்லை: கமோர்த்தா, கில்தான், கவரத்தி ஆகியவை 2014 முதல் 2020 வரை சேர்ந்த புதிய கப்பல்களுக்கும், அர்னாலா, ஆந்த்ரோத் ஆகியவை 2025இல் சேர்ந்த கப்பல்களுக்கும் சூட்டப்பட்டன.

ஒரே வகுப்பில் உள்ள பெயர்களுக்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

இருக்கிறது; ஆனால் தமிழில் எழுதினால் அது கண்ணில் படாது. முதல் ஐந்து கப்பல்கள் கார் நிக்கோபார், செத்லத், கோரா திவ், செரியம், கான்கர்சோ. ஆங்கிலத்தில் எழுதும்போது ஐந்தும் ‘சி’ என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தமிழிலோ ககரமாகவும் சகரமாகவும் பிரிந்துவிடுகின்றன. அடுத்த ஐந்தான கொண்டுல், கல்பேனி, கப்ரா, கோஸ்வாரி, கருவா ஆகியவை ‘கே’ எழுத்தில் தொடங்குபவை. இவற்றுக்கு முந்தைய வரிசைகளிலும் இதே முறைதான்: திரிங்கட், திலன்சாங், தராசா, தர்முக்லி ஒரு கூட்டம், பங்காரம், பித்ரா, பட்டி மால்வ், பாராடாங் அடுத்த கூட்டம்.

கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணும் இதே தொடர்ச்சியைக் காட்டுகிறது. பங்காரம் டி-65, அந்தக் கூட்டம் டி-68இல் முடிய, கார் நிக்கோபார் டி-69இல் தொடங்குகிறது, கருவா டி-78.

தமிழ்நாட்டுத் தீவு எதற்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லையா?

ஐ.என்.எஸ். கோஸ்வாரியைப் பாருங்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் தொடராகக் கிடக்கும் 21 தீவுகளில், தூத்துக்குடியை ஒட்டிய கூட்டத்தில் வான் தீவுக்கு அருகே காசுவார் தீவு இருக்கிறது. வரைபடங்களில் அது கோஸ்வாரி. மனிதர் குடியிராத, இருபது ஹெக்டேர் அளவே உள்ள அந்த மணல் திட்டு, 1986இல் அமைந்த மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. தூத்துக்குடி மீனவர்களுக்குக் காசுவாரைத் தெரியும். அதே பெயரில் ஒரு போர்க்கப்பல் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

மற்றவற்றுள் செத்லத், கல்பேனி இரண்டும் லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள். செரியம், கல்பேனியின் அதே பவள வளையத்தில் உள்ள ஆளில்லாத் திட்டு. ஆக, ஒரே உப்பங்கழியைச் சுற்றிய நிலத்திலிருந்து இரண்டு கப்பல்கள் பெயர் பெற்றிருக்கின்றன. கொண்டுல், லிட்டில் நிக்கோபாருக்கும் கிரேட் நிக்கோபாருக்கும் இடையில் இருக்கிறது.

கோரா திவ் என்று ஒரு தீவை வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லையே?

நிலமாகத் தேடினால் கிடைக்காது. லட்சத்தீவுக் கடலில் நீருக்கடியில் அமிழ்ந்திருக்கும் பவளத் திட்டு அது. அலைக்கு மேலே தலைகாட்டுவதில்லை. ‘திவ்’ என்பது நம் ‘தீவு’ என்ற சொல்லோடு உறவுடைய சொல்தான். தீவு என்ற பெயரைச் சுமந்துகொண்டு கடலுக்குள் கிடக்கும் இடத்தின் பெயர், கடலுக்கு மேலே ஒரு கப்பலில் தெரிகிறது. ஆகவே ‘தீவுகளின் பெயர்’ என்று மேலே சொன்னதைச் சற்றே விரித்து, திட்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு கப்பல் இருந்ததாகப் படித்தேன். எது சரியான கப்பல்?

இரண்டும் சரியே, காலம்தான் வேறு. பழைய தர்முக்லி 2005இல் செஷல்ஸ் நாட்டுக்கு வழங்கப்பட்டு ‘டோபாஸ்’ ஆயிற்று. பழைய திலன்சாங் 2006இல் மாலத்தீவுக்குச் சென்று ‘ஹுராவீ’ ஆயிற்று. பழைய தராசா 2014இல் செஷல்ஸுக்குச் சென்று ‘கான்ஸ்டன்ட்’ ஆயிற்று. கப்பல் வேறு நாட்டுக்குப் போகும்போது பெயர் உடன் போவதில்லை. இங்கேயே தங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறது. கார் நிக்கோபார் வகுப்பின் தொடர்ச்சியாக 2016, 2017 ஆண்டுகளில் சேர்ந்த நான்கு கப்பல்களில் மூன்றுக்கு இந்த மூன்று பெயர்களே மீண்டும் சூட்டப்பட்டன. ஆகவே ஐ.என்.எஸ். தர்முக்லியைப் பற்றிய ஒரு செய்தியைப் படித்தால், முதலில் ஆண்டைப் பாருங்கள்.

மாலத்தீவிலும் இதே மரபைக் காணலாம். 2023 மே மாதம் பழைய ஹுராவீக்குப் பதிலாக இந்தியா வேறொரு கப்பலை வழங்கியது. அதற்கும் ஹுராவீ என்றே பெயரிட்டார்கள்.

அந்த நான்கில் நான்காவதான திஹாயு எந்தத் தீவு?

கட்சால். நிக்கோபார் மக்கள் வழங்கிய பழைய பெயர் திஹாயு. வரைபடங்களில் நிலைத்த பெயர் கட்சால். 1971இல் கராச்சிக்குச் சென்ற கட்சாலை மேலே குறிப்பிட்டேன். அதையும், 2016இல் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்ட திஹாயுவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே தீவு தன் இரண்டு பெயர்களையும் இரண்டு கப்பல்களுக்குத் தந்திருப்பது தெரியும். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே. வெளியார் வைத்த பெயர் ஒரு தலைமுறைக் கப்பலிலும், அந்த மண்ணின் பெயர் அடுத்த தலைமுறைக் கப்பலிலும் இடம்பெற்றிருக்கின்றன.

இந்த வழியில் பார்த்தால், அடுத்த கப்பலுக்கு ‘நக்கவாரம்’ என்றே பெயரிடலாமே?

கேட்க இனிமையாக இருக்கிறது. தமிழ் வாசகனாக எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். நக்கவாரம் என்பது தனித் தீவு ஒன்றின் பெயரன்று, கூட்டத்தின் பெயர்; இந்த வகுப்பின் கப்பல்களோ தனித்தனித் தீவுகளையும் திட்டுகளையும் பெயரால் குறிப்பவை. அடுத்து, மேலே விளக்கிய பொருள் சரியென்றால், அது ஆடையின்மையைச் சுட்டி அயலார் வைத்த பெயர். அத்தீவில் இன்று வாழும் மக்களைக் கேட்காமல் அதைப் புதுப்பிப்பது முறையாகாது. திஹாயு காட்டிய வழியில் போவதென்றால், கார் நிக்கோபார் மக்களின் சொந்தச் சொல்லான ‘பூ’ என்பதற்கே முதல் உரிமை.

தமிழில் எழுதும்போது மட்டும், கப்பலை ‘ஐ.என்.எஸ். கார் நிக்கோபார்’ என்று அதன் பதிவுப் பெயராலேயே எழுதி, தீவுக் கூட்டத்தின் வரலாற்றைப் பேசும் இடத்தில் ‘நக்கவாரம்’ என்று எழுதுவது தெளிவாக இருக்கும். நான் அப்படித்தான் எழுதிவருகிறேன்.